பட்டியலில்லாப் புதையல்

ஊர் வரலாற்று மலர் நம்மிடையே தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. பள்ளிவாசலின் நூற்றாண்டு, மதரஸாவின் பொன்விழா, நலச்சங்கத்தின் வெள்ளிவிழா என ஏதேனும் ஒரு வாய்ப்பில் அது வெளிவருகிறது. முன்பக்கங்களை வாழ்த்துரைகளும் பின்பக்கங்களை விளம்பரங்களும் நிறைக்க, இடையில் ‘நமதூர் வரலாறு’ என்றொரு கட்டுரை இடம்பெறுகிறது. அது பெரும்பாலும் அரபு வணிகரின் மரக்கலத்தோடு தொடங்கி, வள்ளல்களின் பெயர் வரிசையோடு முடியும். ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘முன்னோர் மொழிவர்’ என்னும் சொற்கள் அதன் தூண்களாக நின்று தாங்கும். இச்செய்தி யார் வீட்டில், எந்தப் பெட்டியில், எந்த ஏட்டில் இருக்கிறது என்ற வினாவுக்கு மட்டும் அதில் விடை இராது.

இம்மலர்களை எழுதியோரின் ஊர்ப்பற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் எழுதியிராவிடில் முதியோரின் வாய்மொழிகள் பல மண்ணோடு மறைந்திருக்கும். ஆயினும் இவ்வகை எழுத்தின் அடிப்படைக் குறையைச் சுட்டாமல் இருத்தல் நேர்மையாகாது. ஒரு மலரில் ‘கூறப்படுகிறது’ என்று வந்த செய்தி, அடுத்த மலரில் ‘வரலாறு கூறுகிறது’ என்று உயர்ந்து, மூன்றாம் மலரில் கல்வெட்டுப் போல நிலைத்துவிடுகிறது. மூன்றுக்கும் மூலம் ஒன்றே. அந்த மூலத்தையோ எவரும் கண்டதில்லை. நம் ஊர்களில் ஆவணம் இல்லை என்பது இதற்குக் காரணமன்று. ஆவணம் உண்டு, அது ஒழுங்குபடுத்தப்படவில்லை, ஒழுங்குபடுத்தப்பட்டதும் திறந்துவைக்கப்படவில்லை. இக்கட்டுரையின் முறையீடு இதுவே.

எவ்வகை ஆவணங்கள் என்று கேட்கலாம். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடுகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடுகள், வக்ஃபுப் பத்திரங்களின் படிகள், மதரஸா வருகைப் பதிவுகள் ஆகியவை பள்ளிவாசல் அலுவலகத்து இரும்புப் பீரோவில் உள்ளன. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் ஆகிய நகரங்களில் கடை வைத்திருந்தோரின் பேரேடுகளும், அங்கிருந்து மனைவியருக்கும் மக்களுக்கும் வந்த கடிதங்களும், திருமண அழைப்புகளும், நிழற்படங்களும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இவற்றுள் கணிசமானவை அரபுத் தமிழில் எழுதப்பட்டவை; அதாவது அரபு எழுத்தில், அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து எழுதிய தமிழ். அதைத் தடையின்றிப் படிக்க வல்ல தலைமுறை நம் கண்முன்னே சுருங்கி வருகிறது. தாள் கரையானுக்கு இரையாகிறது. தாளைப் படிக்கும் கண் மூப்புக்கு இரையாகிறது. பின்னதன் இழப்பை எந்தப் பூச்சிமருந்தும் தடுக்காது.

எழுதுவதையும், எழுதியதை வகைப்படுத்துவதையும், வகைப்படுத்தியதைப் பிறர் பயனுக்குத் திறப்பதையும் நமக்கு எவரும் வெளியிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. தொகையின் சிறுமை பெருமை பாராமல், எழுத்தரையும் சாட்சிகளையும் வைத்து எழுதும்படி அது பணிக்கிறது. ஹிஜ்ரி 377இல் பாக்தாதில் இப்னு நதீம் இயற்றிய ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்பதன் பொருளே பட்டியல் என்பதாகும். அதில் குறிக்கப்பட்ட நூல்களில் மிகப் பல இன்று இல்லை. அவை இருந்தன என்பதை நாம் அறிவது அப்பட்டியலால்தான். பதினேழாம் நூற்றாண்டில் இஸ்தான்பூலில் ஹாஜி கலீஃபா தொகுத்த ‘கஷ்ஃபுழ் ழுனூன்’ பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியது.

யாகூத் அல்ஹமவியின் அனுபவம் இவ்விடத்தில் நமக்கு மிகவும் பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மர்வ் நகரில் தங்கியிருந்தார். அங்கிருந்த வக்ஃபு நூலகங்களிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் எப்போதும் தம் இருப்பிடத்தில் இருந்தன என்றும், பெரும்பாலும் ஈடு எதுவும் கேட்கப்படவில்லை என்றும் நன்றியுடன் குறிப்பிடுகிறார். அவர் அந்நகரை நீங்கிய சிறிது காலத்தில், 1221இல், மங்கோலியப் படை மர்வை அழித்தது. நூலகங்களும் அழிந்தன. ஆயின் அங்கே அவர் திரட்டிய செய்திகள் ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் ஊர்ப்பெயர்க் களஞ்சியத்தில் இன்றும் வாழ்கின்றன. பூட்டிக் காத்தவை போயின. கொடுத்துப் படிக்கவிட்டவை நின்றன. ‘திறந்தால் தொலைந்துவிடும்’ என்று அஞ்சும் நம் நிர்வாகிகள் மர்வின் பாடத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒழுங்குபடுத்தல் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது பொருள்வாரிப் பிரிப்பே. சமயம் ஒரு கட்டு, வணிகம் ஒரு கட்டு, இலக்கியம் ஒரு கட்டு எனப் பிரித்துவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுகின்றனர். நூல்களுக்கு இது பொருந்தலாம். ஆவணங்களுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஒரே குடும்பத்தின் பெட்டியில் ஒரு பேரேடும், சரக்கு ஏற்றிய சீட்டும், ஒரு வக்ஃபு நகலும் ஒன்றாகக் கட்டியிருந்தன என்று கொள்வோம். அக்கட்டைப் பிரிக்காமல் படித்தால், எந்தப் பயணத்தின் இலாபத்திலிருந்து அந்த வக்ஃபு எழுந்தது என்பது விளங்கக்கூடும். மூன்றையும் மூன்று அலமாரிகளில் சேர்த்துவிட்டால் மூன்றும் ஊமையாகிவிடும். இதனாலேயே 1841இல் பிரெஞ்சு அரசின் சுற்றறிக்கையொன்று, எந்த நிறுவனத்திலிருந்து அல்லது குடும்பத்திலிருந்து ஆவணம் வந்ததோ அதன் தொகுதியாகவே அதனை வைக்கவேண்டும் என்று விதித்தது. 1898இல் டச்சு ஆவணவியலார் மூவர் எழுதிய கையேடு, தொகுதிக்குள் இருந்த பழைய வரிசையையும் குலைக்கக்கூடாது என்று அதனை விரித்துரைத்தது. உலகின் ஆவணக் காப்பகங்கள் இன்றும் நிற்பது இவ்விரு விதிகளின் மேல்தான்.

ஹதீஸ் கலையில் பயின்ற நமக்கு இது புதிய கருத்தன்று. மத்ன் எவ்வளவு அழகியதாயினும் இஸ்னாத் இன்றி அதை நாம் ஏற்பதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலி அறுந்தால் செய்தியின் தரம் இறங்குகிறது. ஆவணத்தின் இஸ்னாத், அது வந்த வழி. யார் வீட்டில் இருந்தது, யார் கொடுத்தார், எந்தக் கட்டில் எத்தனையாவது தாள், அதன் பக்கத்தில் என்ன இருந்தது என்பன அச்சங்கிலியின் கண்ணிகள். அறிவிப்பாளர் வரலாற்றுக்கெனத் தனிக் கலையே கண்ட சமுதாயம், தன் ஊர்த் தாள்களின் வழியை மட்டும் குறிக்காமல் விடுவது வியப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. கண்காட்சிக்கென்று ‘முக்கியமான’ தாள்களை மட்டும் உருவியெடுத்துச் சட்டமிட்டு மாட்டுவதும், கிழிந்த ஏட்டை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி மூடுவதும் அன்பின் பெயரால் நிகழும் அழிவுகளே. ஒட்டுநாடாவின் பசை காலப்போக்கில் பழுத்துத் தாளையே கறைப்படுத்துகிறது. சூடேற்றி மூடிய தாளை மீண்டும் பிரித்தெடுப்பது அரிது.

எது முக்கியமான தாள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதிலும் ஆபத்து உண்டு. பழைய கெய்ரோவின் யூத ஆலயமொன்றில், இறைப்பெயர் எழுதியிருக்கக்கூடும் என்பதால் எறியத் தயங்கிய தாள்களை நூற்றாண்டுக் கணக்கில் ஓர் அறையில் போட்டுவந்தனர். கெனீஸா என்று அறியப்படும் அக்குவியலின் பெரும்பகுதி 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு மட்டும் ஏறத்தாழ 1,93,000 துணுக்குகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலான கடிதங்கள் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழி. நம் அரபுத் தமிழைப் போன்றே ஒரு மொழியின் உடலில் மற்றொன்றின் ஆடை. எஸ்.டி. கோய்ட்டைன் அவற்றை ஆண்டுக்கணக்கில் படித்தபோது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் வணிகரின் கணக்குகளும் கடிதங்களும் வெளிப்பட்டன. மிளகு, பாக்கு, வெண்கலப் பாத்திரம், கப்பல் உடைவு, கூட்டாளியின் தாமதம் என அன்றாடச் செய்திகளே அவற்றில் நிறைந்துள்ளன. இந்தியப் பெருங்கடல் வணிக வரலாறு அத்துணுக்குகளின் வழியே மாற்றி எழுதப்பட்டது. நம் முன்னோரும் அதே கடலில் ஓடியவர்களே. அவர்கள் பேரேட்டைப் ‘பழைய கணக்கு’ என்று எடைக்குப் போடுபவர் இதை அறிதல் வேண்டும்.

கெனீஸாவில் எச்சரிக்கையும் உண்டு. அத்தாள்கள் பல நாடுகளின் நூலகங்களுக்குச் சிதறின. ஒரே கடிதத்தின் ஒரு பாதி ஒரு நகரிலும் மறு பாதி வேறொரு நகரிலும் சேர்ந்தன. அவற்றைக் கணினித் திரையில் மீண்டும் பொருத்தும் பணி அண்மைப் பதிற்றாண்டுகளில்தான் கைகூடியது. உள்ளூரில் பேணும் ஏற்பாடு இல்லாதபோது ஆவணம் அழிகிறது, அல்லது அயலூர் சென்று சிதறுகிறது. மூன்றாவது வழி தானாக அமைவதில்லை.

திம்புக்துவின் கதையை நம் ஏடுகள் பெருமிதத்தோடு எழுதியுள்ளன. மாலி நாட்டின் அப்பழம்பெரும் கல்வி நகரில் கையெழுத்துப் பிரதிகள் குடும்ப நூலகங்களிலேயே தலைமுறைகளாகப் பேணப்பட்டன. 1973இல் அறிஞர் அஹ்மது பாபாவின் பெயரால் அரசு நிறுவனமொன்று தோன்றி, பிரதிகளைத் திரட்டத் தொடங்கியது. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றியபோது, அப்துல் காதிர் ஹைதராவும் அவருடைய தோழர்களும் இரும்புப் பெட்டிகளில் பிரதிகளை நிரப்பி, வண்டிகளிலும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டுசேர்த்தனர். 2013 ஜனவரியில் நகரை விட்டு ஓடிய ஆயுததாரிகள் அஹ்மது பாபா நிறுவனத்தில் எஞ்சியிருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை எரித்தோ கவர்ந்தோ சென்றதாகக் கணக்கிடப்பட்டது. வேலையையும் உயிரையும் பணயம் வைத்தோரின் துணிவு போற்றத்தக்கது.

ஆயினும் அக்கதையின் மறுபக்கத்தை நம்மவர் எழுதுவதில்லை. காப்பாற்றப்பட்டவை எத்தனை என்ற வினாவுக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் என்றொரு தொகை உலகெங்கும் பரவியது. அத்தொகையை ஐயுற்ற ஆய்வாளரும் உளர். இவ்விவாதம் எழக் காரணம் என்ன? பெரும்பாலான குடும்ப நூலகங்களுக்கு நெருக்கடிக்கு முன் முழுமையான பட்டியல் இருக்கவில்லை என்பதே. அஹ்மது பாபா நிறுவனத்தின் பிரதிகளில் ஒரு பகுதிக்கு, இலண்டனின் அல்ஃபுர்கான் அறநிறுவனம் 1995 முதல் வெளியிட்ட பட்டியல் தொகுதிகள் இருந்தன. பட்டியல் உள்ள இடத்தில் ‘இது இருக்கிறது, இது இல்லை’ என்று சொல்ல முடிகிறது. பட்டியல் இல்லாத இடத்தில் இழப்பையும் அளக்க முடியாது, மீட்பையும் மெய்ப்பிக்க முடியாது. பமாகோ சென்றடைந்த பிறகே மிகப் பலவற்றை நிழற்படமெடுத்து விவரிக்கும் பணி முறையாகத் தொடங்கியது. நமக்கு நெருக்கமான இழப்பொன்றும் உண்டு. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஒரே ஒரு படியாக ஓரிடத்தில் இருப்பது எதுவாயினும் அது பாதுகாப்பாக இருப்பதாகக் கொள்ள இயலாது.

தமிழ்நாட்டிலேயே பின்பற்றத்தக்க முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார், நூல், இதழ், துண்டறிக்கை, நாடக அறிவிப்பு, அழைப்பிதழ் என ஏறத்தாழ ஒரு இலட்சம் பொருள்களைத் தம் வீட்டில் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவ வழிசெய்தது. பொருள்கள் பட்டியலிடப்பட்டு, நுண்படமெடுக்கப்பட்டு, ஆய்வாளர் எவருக்கும் திறக்கப்பட்டன. தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த ஆய்வுகளில் பல அந்நூலகத்திற்குக் கடன்பட்டவை. ஈழத்தில் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டமும், தன்னார்வலர் உழைப்பால் என்ன செய்ய இயலும் என்பதைக் காட்டியுள்ளது.

நம் துறையிலும் முன்னோடிகள் உண்டு. இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் 1953இல் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு குறித்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து அஜ்மல்கானோடு இணைந்து இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெருநூல், இலங்கையிலும் தமிழகத்திலும் விளங்கிய அரபு, அரபுத் தமிழ், பாரசீக ஆக்கங்களை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. இத்தகையோர் பெயரும் விவரமும் தொகுத்துத் தந்த பின்னரே இப்படியொரு துறை உண்டு என்பதைப் பிறர் ஒப்பினர். ஆனால் அவர்கள் தொகுத்தது பெரும்பாலும் நூல்களை. பேரேடும் கடிதமும் பதிவேடும் இன்னும் தம் உவைஸுக்காகக் காத்திருக்கின்றன.

இக்காலத்தில் ‘எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம்’ என்ற நிறைவுரை அடிக்கடி கேட்கிறது. கைப்பேசியில் எடுத்த படங்கள், தாமாக எழுந்த எண்களோடு, ஒரே ஒரு வன்தட்டில் கிடக்கின்றன. எந்தப் படம் எந்த ஏட்டினது என்பது எடுத்தவருக்கே ஓராண்டில் மறந்துவிடுகிறது. இது பரணில் இருந்த குவியலைக் கணினிக்கு மாற்றிய செயலே. முறை வேறு. முதலில், வந்த ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணிட்டு வரவுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். கொடுத்தவர், நாள், நிபந்தனை ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். அடுத்து, கட்டுவாரியாகச் சுருக்க விவரம் எழுதவேண்டும். பிறகே படமெடுப்பு, படத்தின் பெயர் தாளின் எண்ணாகவே இருக்கவேண்டும். படிகள் மூன்றேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்கவேண்டும்.

விவரம் எழுதுவதில் நமக்கே உரிய இடர்கள் சில உண்டு. ஒரே தாளில் ஹிஜ்ரி ஆண்டும், தமிழ் ஆண்டும், தென்கோடியில் கொல்லம் ஆண்டும், ஆங்கிலத் தேதியும் விரவி வரும். உள்ளதை உள்ளவாறு எழுதி, இணையான ஆண்டைத் தனியே குறிக்கவேண்டும், திருத்தி எழுதலாகாது. பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. சையது, செய்யிது, ஸெய்யித் என்று மூவகையில் வருபவர் ஒருவரா மூவரா? மரைக்காயர், லெப்பை, இராவுத்தர் என்னும் அடைகள் ஓரிடத்தில் பெயரோடு வந்து வேறிடத்தில் மறையும். பெயர் வேறுபாடுகளை ஒருங்கே காட்டும் துணைப்பட்டியல் இன்றேல், தன் பாட்டனாரைத் தேடி வரும் பேரன் வெறுங்கையோடு திரும்புவான். இது ஊரறிந்த முதியவரும் கணினி அறிந்த இளைஞரும் அருகருகே அமர்ந்து செய்யவேண்டிய பணி. ஒருவர் மட்டும் செய்து முடிப்பதன்று.

இனித் திறந்துவைத்தல் பற்றி. மறுப்போர் கூறும் காரணங்களை நாம் அலட்சியம் செய்யலாகாது. பதிவேட்டில் தலாக் உண்டு. பேரேட்டில் தீராத கடன் உண்டு. வக்ஃபு நிலம் பற்றிய வழக்கு இன்றும் நடைபெறக்கூடும். குடும்ப மானம் சந்திக்கு வரலாகாது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு எல்லாவற்றையும் பூட்டுவது அன்று. அரசு ஆவணக் காப்பகங்களும் காலவரம்பு வகுத்தே ஆவணங்களைத் திறக்கின்றன. அவ்வாறே நாமும் இன்றே திறக்கத்தக்கவை, குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்துத் திறக்கத்தக்கவை, உரிமையாளர் இசைவோடு மட்டும் காட்டத்தக்கவை என மூன்றாக வகுக்கலாம். மூலத்தைத் தர மனமில்லாத குடும்பம் படியைத் தரலாம். உடைமை அவர்களிடமே இருக்க, பயன் எல்லோருக்கும் செல்லும். வக்ஃபின் கருத்தும் மூலத்தை நிறுத்திப் பயனை ஓடவிடுவதுதானே? பூட்டிய தாளை அமானிதம் என்று கூறுவோர், அமானிதம் உரியவரிடம் சேர்ப்பிக்கப்படவேண்டியது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஊர் வரலாற்றுக்கு உரியவர் ஊரார் அனைவரும் ஆவர்.

விதி எதுவாயினும் அது எழுதப்பட்டு வாசலில் தொங்கவேண்டும். இன்று நடப்பது முகம் பார்த்துத் தரும் அனுமதி. தெரிந்தவருக்குப் பீரோ திறக்கும். அயலூர் மாணவருக்குச் சாவி வைத்திருப்பவர் எப்போதும் வெளியூர் சென்றிருப்பார். பெண்களின் நிலை இதனினும் கடினம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகன் மணமகள் வீட்டில் வாழும் வழக்கத்தால் வீடு பெண்வழியாகவே இறங்குகிறது. ஆகவே அவ்வீட்டுப் பெட்டிகளையும் கடிதங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் பெண்கள். கணவர் அயல்நாட்டிலிருந்து அனுப்பிய மடல்களுக்கு உரியவரும் அவர்களே. ஆவணத்தைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் சேர்த்துவிட்டு, அங்கே பெண்கள் வந்தமரும் வசதியைச் செய்யாவிடில், காத்தவரையே வெளியே நிறுத்தியவராவோம். வாசிப்பறை எங்கே அமையவேண்டும் என்பதை முடிவு செய்யும் குழுவில் அவர்களும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவுக்கும் அடியில் ஓர் உண்மை உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. மலர் நாம் கேட்க விரும்புவதைச் சொல்லும்; ஆவணம் அவ்வாறன்று. வள்ளலென்று நாம் போற்றியவரின் பேரேட்டில் கடுமையான கணக்கும் இருக்கலாம். பெருமை மிக்கதென எண்ணிய பழைமை சில நூற்றாண்டுகள் குறையலாம். பெயரே அறியாத ஒரு மூதாட்டி தன் நகையை விற்று மதரஸாவுக்குக் கிணறு வெட்டிய செய்தி, கூட்டக் குறிப்பேட்டின் ஒரு வரியில் ஒளிந்திருக்கலாம். சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் அரசு ஆவணக் காப்பகத்தில் நம் ஊர்கள் வரியாகவும் வழக்காகவும் காணப்படுகின்றன. ஆட்சியாளர் கண்டது அவ்வளவே. நாமே நம்மைப் பற்றி எழுதிவைத்தது நம் பரண்களில்தான் உள்ளது. அதையும் இழந்தால், பிறர் நம்மைப் பற்றி எழுதியதை மறுக்கவும் நம்மிடம் தாள் இராது, ஒப்பவும் இராது.

ஆகவே, அடுத்த விழாவுக்கு மலர்க்குழு அமைக்கும் ஊர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. வழவழப்பான தாளில் அச்சிடும் அச்செலவில், ஊரின் ஆவணப் பட்டியலை வெளியிடுங்கள். பெட்டி எண், கட்டு எண், தந்தவர், ஆண்டு, மொழி, எழுத்து, பக்கத் தொகை, யார் பார்க்கலாம் என எட்டுப் பத்திகள் போதும். ஐம்பது தாள்களே இருப்பினும் குறைவில்லை. வாழ்த்துரை இல்லாத அம்மெல்லிய நூலே, அந்த ஊரின் வரலாற்றை இனி எழுத வருபவர் முதலில் கையிலெடுக்கும் நூலாக இருக்கும்.